சனிக்கு எந்த கிரீஸ்?

அவரைத் தங்கமான மனுஷன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். தங்கமோ பித்தளையோ, எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் ஒரு காரியத்தையும் காலாகாலத்தில் முடித்ததில்லை. கெட்டவர் என்று சொல்லித் தொலைத்துவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும். அதையும் சொல்ல முடியாது. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார், யாரிடமும் கைநீட்ட மாட்டார், போனால் காபி கொடுக்காமல் விட மாட்டார். அதுதான் வயிற்றெரிச்சல்.

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் வீடு. எல்லாருக்கும் அவர் 'சார்'தான், எனக்கும் அப்படித்தான். வேலையில் இருந்தபோதே அவரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. இந்த சார் அளந்து கல் நடுவதற்குள் வரப்புச் சண்டை போட்ட அண்ணனும் தம்பியும் அலுத்துப்போய் ராசியாகிவிடுவார்களாம். காலையில் அளவுச் சங்கிலியை இழுத்துப் பார்ப்பார், சரியாக வரும். "வெயில்ல சங்கிலி நீண்டிருக்கும்" என்று சாயங்காலம் வந்து திரும்ப இழுப்பார். அதுவும் சரியாக வரும். "மழை முடிஞ்சி மண்ணு இறுகட்டும், இன்னொரு தபா பாத்துடலாம்" என்று போய்விடுவார். கல் மட்டும் ஜீப்பிலேயே கிடக்கும்.

அவர் வீட்டு வாசக்கதவைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று புரிந்துவிடும். பச்சையிலேயே நாலைந்து தினுசு, கதவு முழுக்கத் திட்டுத் திட்டாக அடித்து வைத்திருப்பார். எந்தப் பச்சை என்று முடிவு ஆகவில்லை. கதவு போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர் வீட்டம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த அக்கா ஒரு நாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னது: "எங்க பொண்ணுக்கு வந்த மாப்ளங்கள இவரு ஒவ்வொருத்தனா, 'பரவால்ல, ஆனா'ன்னு தள்ளிக்கினே வந்தாரு டீச்சர். அது பாத்துச்சு. தானே ஒருத்தன இட்டுக்கினு சேலம் போயிடுச்சு. இப்ப நல்லாத்தான் கீது."

பரவால்ல, ஆனா. இந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு ரத்தக் கொதிப்பே வந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு ஊர் நைனார்பாளையம். வேலை வெள்ளிமலையில், விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாரிடம் ஒரு டெலஸ்கோப் இருக்கிறது, பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டு நான்தான் தேடிப் போனேன். பாண்டிச்சேரியில் யாரோ ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது கொடுத்த பழைய டெலஸ்கோப். சர்வே வேலையில் லென்ஸ் வழியாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்பதால் அதன்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். "மலைக்கு வாங்க சார், எங்க பொண்ணுங்க பாக்கட்டும்" என்றேன். மேகம், நிலா, ஜீப் எல்லாம் யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு புரட்டாசி மாதம் வந்தார். அதுவரைக்கும் அவர்மேல் எனக்குக் கொள்ளை மரியாதை.

டெலஸ்கோப் என்றால் குழாய் மட்டும் இல்லை. குழாயைத் தாங்கிப் பிடிக்க, கீழே இரும்பில் ஒரு கழுத்து உண்டு. பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் வானத்தில் எதைப் பிடித்தாலும் கண்ணாடிக்குள் நிற்காது, நகர்ந்து போய்க்கொண்டே இருக்கும். அது நகர நகர நாமும் ஒரு திருகைத் திருகிக் குழாயைக் கூடவே நகர்த்த வேண்டும். அந்தத் திருகுக்கு உள்ளே பித்தளையில் பல்சக்கரம் இருக்கிறது. அதற்குப் பூசுகிற மசகுதான் என் உயிரை எடுத்தது.

என் உயிர் போனால் போகட்டும். ராமாயிக்கு அது கண் விஷயம்.

ராமாயி எங்கள் விடுதியில் சமையல் செய்கிறவள். மலைக்காரி. அவள் புருஷன் மரம் விழுந்து செத்தான், அதற்கடுத்து மாடு செத்தது, சாமை காய்ந்துபோனது. வடக்கனந்தலில் ஒரு ஜோசியர் ஏழரைச் சனி என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் எள் முடிச்சு கட்டி விளக்குப் போட்டாள். ஏழரை வருஷமும் போட்டாள். முடிகிற நேரத்தில் கண்ணில் கோளாறு வந்தது.

கண்ணுக்குள்ளே நீர் அழுத்தம் என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். போன பார்வை போனதுதான், இருப்பதை மருந்து ஊற்றிக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம் என்றார். நான்தான் கூட்டிப் போயிருந்தேன். திரும்பி வரும்போது மலைப் பஸ்ஸில் ராமாயி சொன்னாள்: "ஓரத்துலேந்து இருட்டிக்கினு வருது டீச்சர். நடுவுல மட்டும் ஒரு வட்டம் வெளிச்சமா கீது. பசங்க சொல்லுதுங்களே, சனிக்கு வளையம் கீதுன்னு. நெசமா?"

"நெசம்தான். கண்ணாடி வெச்சுப் பாத்தா தெரியும்."

"என்னை இத்தினி வருசம் ஆட்டிவெச்சவன், அவன் மூஞ்சிய ஒரு தபா பாத்துடணும். அதுக்கு இந்த வட்டம் போதும்ல?"

போதும் என்றேன். நிஜமாகவே போதும். டெலஸ்கோப்பில் தெரிவதே ஒரு சின்ன வட்டம்தானே. நான் சாரைத் தேடிப் போனது பிள்ளைகளுக்காக என்றாலும், மனசுக்குள் இவளுக்காகவும்தான்.

அந்தப் புரட்டாசி சாயங்காலம் மைதானத்தில் டெலஸ்கோப்பை நிறுத்தினார். இருட்டியதும் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடின. "ஐய, நெசமாவே வளையம் டீ!" ராமாயி இவர்களுக்கெல்லாம் சோறு போட்டு முடித்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கடைசி ஆளாக வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை. இவள் ஒருத்திதான் பாக்கி.

சார் திருகைத் திருகினார். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது. அவர் முகம் மாறிப்போனது. "இருங்க, இருங்க, பழைய கிரீஸ்ல தூசி ஏறி அரைக்குது. பல்லு தேயுது" என்றார். சொல்லிக்கொண்டே ஸ்பானரை எடுத்துவிட்டார்.

"சார், ஒரே ஒரு ஆளு சார். கரகரன்னா கரகரங்கட்டும். குதிச்சி குதிச்சி தெரிஞ்சாலும் பரவால்ல, பாத்துடட்டும்" என்றேன்.

"பல்லு தேஞ்சா திரும்ப வராது டீச்சர். அடுத்த வாரமே கிளீன் பண்ணி, நல்ல கிரீஸா போட்டு எடுத்தாந்துடறேன். அம்மா, நீங்க அடுத்த வாரம் பாருங்க, இன்னும் ஜோரா தெரியும்."

ராமாயி "சரிங்க சார்" என்று சிரித்தாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் அடுத்த வாரம்தானே என்று விட்டேன். அடுத்த வாரமாம், அடுத்த வாரம்!

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பல்சக்கரம் ஒரு பிஸ்கட் டின்னில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. பளபளவென்று கழுவி வைத்திருக்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. எந்த மசகு போடுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டார். ஜன்னல் விளிம்பு பூரா டப்பா: லாரி சக்கரத்துக்கு அடைக்கிற கிரீஸ், தையல் மெஷின் ஆயில், வாசலின், விளக்கெண்ணெய், டேப் ரிக்கார்டருக்குள் பூசுகிற வெள்ளை கிரீஸ். ஒவ்வொன்றையும் தகரத் துண்டில் தடவி, சரித்து, ஒரு துண்டை மொட்டை மாடி வெயிலில், ஒரு துண்டை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்: "மாவு வெக்க எடமில்ல டீச்சர். தயிர்லயெல்லாம் ஆயில் வாசன வருது."

சார் எனக்குப் பொறுமையாக விளக்கினார். கள்ளக்குறிச்சி வெயிலில் வாசலின் உருகி ஓடிவிடும், ஓடினால் லென்ஸில் போய் ஒட்டும். தையல் மெஷின் ஆயிலும் வழிந்துவிடும், பல்லில் நிற்காது. லாரி கிரீஸ் இங்கே நன்றாக இருக்கும், வெள்ளிமலைப் பனியில் இறுகிப்போய்த் திருகவே முடியாது. விளக்கெண்ணெய் நாள்பட்டால் பிசினாகி, நம் நெல் அறுவடைத் தூசி எல்லாவற்றையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கீழே வெயிலையும் தாங்க வேண்டும், மேலே குளிரையும் தாங்க வேண்டும், பித்தளையைக் கறுக்கவும் வைக்கக்கூடாது. அவர் சொன்னது அத்தனையும் சரி. ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. சரியாகப் பேசுகிறவரிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஐப்பசி பிறந்ததும் மறுபடி போனேன். அதற்குள் ஒரு கலவை தேறிவிட்டது. வெள்ளை கிரீஸில் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டுக் குழைத்தது. மாடி வெயிலிலும் ஓடவில்லை, ஃப்ரிட்ஜிலும் இறுகவில்லை. விரலில் எடுத்து அவரே எனக்குக் காட்டினார், வெண்ணெய் மாதிரி இருந்தது.

"இதான் சார்! பூசிடுங்க, நாளைக்கே கொண்டாங்க" என்று துள்ளினேன்.

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல டீச்சர், ஆனா… மலையில பனி ஈரம் ஜாஸ்தி. ஈரத்துல இது இன்னா ஆவும்னு ஒரு மழக்காலம் பாத்துடலாமே."

"சார், அந்தம்மாவுக்குப் பார்வ போய்க்கினு கீது சார்."

"தெரியுது டீச்சர், நானும் அதான் யோசிக்கறேன். அவசரத்துல ஒண்ணப் பூசி, அந்தம்மா பாக்கற நேரத்துல மக்கர் பண்ணா? அதுக்கு ஒரே தபாவா நல்லதா போட்டுடலாம்."

இந்த ஜில்லாவில் டெலஸ்கோப் வைத்திருக்கிற வேறு ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. இருந்திருந்தால் இவர் வாசலை மிதித்திருப்பேனா? அன்றைக்கு அந்தப் பச்சைத் திட்டுக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தேன்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்தது. சனி மேற்கே இறங்கிக்கொண்டே போகிறான், இன்னும் கொஞ்ச நாளில் சூரியனோடு போய்ச் சேர்ந்துவிடுவான், அப்புறம் மாசக்கணக்கில் சாயங்காலம் பார்க்க முடியாது. பொறுக்கமுடியாமல் ஒரு சனிக்கிழமை போய் நின்றேன். சார் எங்கேயோ வெளியே போயிருந்தார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, டெலஸ்கோப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தார்.

"நேத்து சும்மா பூட்டிப் பாத்தாரு, இன்னும் ஒண்ணும் பூசல. இருங்க, நான் போட்டுத் தரேன். எங்க வூட்டுக் கதவு, தையல் மெஷினு, ஊஞ்சல் கொக்கி எல்லாத்துக்கும் இதான் போடறேன், ஒண்ணும் கொறஞ்சிடல." தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து பல்லுக்கும் அச்சுக்கும் தாராளமாக ஊற்றினார். ரெண்டு பேரும் திருகிப் பார்த்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு வழவழப்பு. "இம்மாந்தான் வேல. இதுக்கு இவரு ஃபிரிட்ஜ நாசம் பண்ணிக்கினு கீறாரு" என்றார் அக்கா. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெட்டியை மலைக்குப் போகிற ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

வெள்ளிமலையில் அன்றைக்கு நல்ல குளிர். வெளிச்சம் மங்கியதும் டெலஸ்கோப்பை நிறுத்தி, ராமாயியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டுத் திருகைத் தொட்டால், அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பல் பூரா வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கிறது. மார்கழி தை மாசம் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயையே அடுப்போரம் வைத்துத்தான் நாங்கள் உருக்குவோம். தினமும் பார்க்கிற விஷயம்! ஆனால் இரும்புக்கு ஊற்றினால் அதுவும் உறையும் என்று எனக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை. சமையல்கட்டிலிருந்து வெந்நீரில் துணி நனைத்து வந்து ராமாயியே ஒற்றடம் கொடுத்தாள். உருகியது. குழாயைத் திருப்பி நான் சனியைத் தேடுவதற்குள் மறுபடி உறைந்தது. அரிசி மூட்டைமேல் குழாயைச் சாய்த்துப் பார்த்தோம், ஒன்றும் நிலைக்கவில்லை. சனி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டான்.

"உடுங்க டீச்சர். அவன் எனக்கு மூஞ்சி காட்ட மாட்டேங்கறான்" என்றாள் ராமாயி.

மறுநாள் சாரிடம் போனில் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். மனுஷன் சந்தோஷமாகச் சிரிக்கிறார்! "தேங்காயெண்ணெ குளுருக்கு ஒறையும்ல டீச்சர்! அதான் நான் லிஸ்டுலயே சேக்கல. இப்ப புரியுதா, ஏன் பாத்துப் பாத்துப் போடணும்னு?"

"ஒறையாத கிரீஸ் ஐப்பசிலயே உங்க கையில இருந்துதா இல்லியா சார்? அத பூசியிருந்தா அக்கா ஏன் தேங்காயெண்ணெ ஊத்தறாங்க? பல்லு தேஞ்சா வேற பல்லு வாங்கிக்கலாம் சார், கண்ணு போனா எங்கபோய் வாங்குவீங்க?" என்று கத்தினேன்.

"நீங்க சொல்றது நியாயம்தான் டீச்சர்…" என்றார். அடுத்து என்ன வரும் என்று தெரியும். வைத்துவிட்டேன்.

பெட்டியை மட்டும் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். அந்த வெயில்காலம் பூராவும் அவருக்கு மாடியில் வேலை இருந்தது. சென்னையிலிருந்து எதையோ வரவழைத்தார். அது பித்தளையைக் கறுக்க வைக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய குத்துவிளக்கில் பூசி வைத்தார். அடுத்த புரட்டாசி வந்தது, சனி மறுபடி சாயங்கால வானத்துக்கு வந்தான். நான் போன் செய்தால், "முடிஞ்சிடுச்சு டீச்சர், ஒரே ஒரு டெஸ்ட்டு" என்பார். இங்கே ராமாயியால் முதலில் அரிசியில் கல் பொறுக்க முடியாமல் போனது. அடுத்து குழம்பில் உப்பை ரெண்டு தடவை போட்டாள். ஐப்பசி மழையில் கிணற்றடியில் விழுந்தாள். அவள் மகள் சமையலுக்கு வந்தாள், இவள் வெங்காயம் உரித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். "வட்டம் எம்மாத்தம் கீது ராமாயி?" என்று கேட்பேன். "மொளகு அளவு கீது டீச்சர்" என்பாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மார்கழியில் சார் வந்தார். தானாகவே, சொல்லாமல் கொள்ளாமல். பெட்டியைக் குலுங்கவிடக் கூடாது என்று மலைப்பாதை நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இறங்கும்போது கால் மரத்து நிற்க முடியாமல் தடுமாறினார். இளைத்தும் போயிருந்தார். அதைப் பார்த்து ஒரு நிமிஷம் எனக்கு மனசு இளகியது உண்மை. "கடைசியா இன்னா சார் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளை கிரீஸ்தான் டீச்சர். தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டு. எல்லாத்தையும் பாத்துட்டேன், இதுக்கு மேல எதுவும் இல்ல."

இளகிய மனசு அப்படியே இறுகிப்போனது. ஐப்பசியில் விரலில் வைத்துக் காட்டினாரே, அதே கிரீஸ். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷியின் வெளிச்சத்தைத் தின்றுவிட்டு அதே கிரீஸ்!

சாயங்காலம் மைதானத்தில் நிறுத்தினார். பிள்ளைகள் சுற்றி நின்றன. "இந்த தபா அம்மாதான் மொதல்ல" என்றார். நான் ராமாயியின் கையைப் பிடித்து நடத்தி வந்தேன். "பகல்ல வெளிச்சம் தெரியுதே, பாப்பமே டீச்சர்" என்று அவளும் ஆசையாகத்தான் வந்தாள். சனியைக் கண்ணாடிக்கு நடுவே பிடித்து நிறுத்தினார். நானும் பார்த்தேன். ஒரு குதிப்பு இல்லை, ஒரு சத்தம் இல்லை, அவர் திருகத் திருக சனி ஆணியடித்த மாதிரி நின்றான், வளையத்தோடு.

ராமாயி குனிந்து கண்ணை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"தெரியுதாம்மா?"

சார் ஃபோகஸைத் திருப்பினார். "இப்ப?" இன்னும் கொஞ்சம் திருப்பினார். "இப்ப?" லென்ஸைக் கழற்றி வேறு லென்ஸ் மாட்டினார். "இருங்க, இதவிடத் தெளிவா ஒண்ணு கீது" என்று பைக்குள் கையை விட்டார். கோளாறு லென்ஸில்தான் என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பினாரா, நம்ப வேண்டியிருந்ததா, எனக்குத் தெரியாது. மூன்றாவது லென்ஸை மாட்டப் போனபோது என்னால் தாங்க முடியவில்லை.

"போதும் நிறுத்துங்க சார்! அவங்களுக்குக் கண்ணு போயிடுச்சு!"

சார் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ராமாயிதான் முதலில் நிமிர்ந்தாள். "ஏன் டீச்சர் கத்தறீங்க" என்று என் கையைத் தட்டினாள். அப்புறம் அவரிருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "சார், அன்னிக்கு சத்தம் போட்டுதே, அந்தத் திருகு எங்க கீது?" என்று கேட்டாள்.

அவர் அவள் விரலைப் பிடித்துத் திருகின்மேல் வைத்தார். அவள் மெதுவாக இந்தப் பக்கம் திருகினாள், அந்தப் பக்கம் திருகினாள். காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது மொத்தமும் என்கிட்டதான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

"வழவழன்னுதான் கீது சார்," என்றாள். "போன வருசம் கரகரன்னு இருந்தப்பவே காட்டியிருந்தா நான் பாத்திருப்பேன்."